ஒட்டுத் துண்டுகளும் ஒன்பதாம் திகதியும்

வணக்கம் ஐயா,

கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்த பெரியப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கினோம். உதவி அரசாங்க அதிபர்களின் ஆண்டறிக்கைகள் சில, திருத்தங்களை அச்சிட்டு ஒட்டிய துண்டுகளால் வீங்கிப்போன பழைய தாபனக் கோவை (அரச ஊழியர் சேவை விதிகளின் தொகுப்பு) ஒன்று, 1942இல் ஜப்பானியர் நடத்திய திருகோணமலைக் குண்டுவீச்சு பற்றிய இரண்டு ஆங்கில நூல்கள் கிடைத்தன. கோவை செல்லாது, பேப்பர் கடைக்குப் போடு என்கிறார்கள். குண்டு விழுந்த நேரமோ ஒரு நூலில் காலை ஏழரை, மற்றதில் பத்தரை. எதை நம்புவது?

வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

நேரத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் சரி. ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் நின்றாலும் தோக்கியோ நேரத்தில்தான் பதிவு எழுதியது. அது கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி முன்னால். இலங்கை 1942 ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்ததை ஆறு மணி ஆக்கியிருந்தது. ஆகவே குண்டு விழுந்த ஏப்ரல் 9 அன்று வித்தியாசம் மூன்று மணி: உள்ளூரில் ஏழரை என்றால் தோக்கியோவில் பத்தரை. இதில் ஒரு பொறி உண்டு. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாக்கப்பட்டது உள்ளூர் நேரம் பத்தரை மணியளவில். கடிகாரத்தைக் கவனியாதவர் துறைமுகத் தாக்குதலையும் கப்பல் தாக்குதலையும் ஒரே வேளையில் நடந்ததாக எழுதிவிடுவார்.

கோவையைப் போடாதீர்கள். இப்போதுள்ளது 1985 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சேவைக்காலம் பற்றிச் சம்பள நிலுவையோ ஓய்வூதியப் பிணக்கோ எழுந்தால், அன்றிருந்த விதியைத்தான் தேடவேண்டும். உங்கள் பிரதியின் பெறுமதி அந்த ஒட்டுத் துண்டுகளில். ஒவ்வொன்றிலும் திருத்த இலக்கமும் திகதியும் இருக்கிறதா பாருங்கள். அந்தத் திகதிக்கு முன் நடந்த காரியத்துக்கு, துண்டின் அடியில் மறைந்துகிடக்கும் வாசகமே விதி. இலக்கங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். நடுவில் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டை ஒருவரும் ஒட்டவில்லை, அல்லது அது கழன்று விழுந்துவிட்டது. அப்போது திருத்தப்பட்ட விதி திருத்தப்படாததுபோல நிற்கும். பழைய கோவையைக் காட்டி வாதாடித் தோற்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பேன்.

அடியில் உள்ளதை வாசிக்கத் துண்டைப் பிய்க்கவேண்டாம். பக்கத்தின் பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடித்துப் படம் எடுங்கள். அநேகமாக அதுவே போதும். போதாவிட்டால், சற்றே ஈரமான ஒற்றுத்தாளைத் துண்டின்மேல் சில நிமிடம் வைத்தால் மாப்பசை இளகும். மழுங்கிய கத்தியால் ஓரத்திலிருந்து தூக்கலாம். ஆனால் அக்கால லிகிதர்கள் ஈரம்பட்டால் ஊதாவாகப் பரவும் பென்சிலால் குறிப்பு எழுதுவார்கள். அப்படி ஒரு கோடு தெரிந்தாலும் தண்ணீர் கிட்டப் போகக்கூடாது.

ஆண்டறிக்கைகளில் 1872க்கு முந்தையவை பவுண், சிலிங்கில் கணக்குச் சொல்லும். பிறகுதான் ரூபாவும் சதமும். திருகோணமலை உதவி அதிபர் மட்டக்களப்பு அரசாங்க அதிபருக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தார் என்பதால், நமது மாவட்டத்தைக் கிழக்கு மாகாணப் பகுதிக்குள் தேடுங்கள். இவை மேலதிகாரிக்கு எழுதியவை. செய்து முடித்த பாலமும் வீதியும் விவரிப்பில் இருக்கும். செய்யாமல் விட்டது அட்டவணையின் நிலுவைப் பத்தியில் தெரியும். நான் அட்டவணையை முதலில் வாசிக்கச் சொல்வேன்.

துருப்பிடித்த குண்டூசிகளை இழுத்தால் தாள் கிழியும். முதலில் மெல்லிய தகட்டை இடையில் செருகித் துருவை விடுவியுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். ஒக்டோபர் முதல் மழைக்காலம், கடற்காற்று வேறு. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப் பெட்டியில், சுவரில் முட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாப்பசை இருக்குமிடத்துக்கு இராமபாணப் பூச்சி வரும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கோவையின் முன்பக்கத்தில் திருத்தங்களைப் பதியும் தாள் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதில் கடைசியாகப் பதிந்த இலக்கமும் திகதியும் எழுதி அனுப்புங்கள்.