மாணவப் பணியாளர்களைச் சேர்ப்பதும் பழக்குவதும்: கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகம், கணினி ஆய்வகம், விடுதி அலுவலகம் போன்ற இடங்களில் பகுதி நேரமாக வேலைக்கு வரும் மாணவர்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (நூலகக் கவுன்டர் பொறுப்பாளர்): சார், அடுத்த செமஸ்டருக்கு மாணவர்களைப் புதிதாக எடுக்கிறோம். எப்போது தயாரிப்பைத் தொடங்க வேண்டும்? எதை முதலில் செய்வது?

பதில்: உங்கள் கையில் இல்லாத வேலையை முதலில் தொடங்குங்கள். பயிற்சிக் குறிப்பு எழுதுவது, மேசை ஒதுக்குவது எல்லாம் நீங்களே இரண்டு நாளில் முடிக்கக் கூடியவை. லாகின், கதவு திறக்கும் கார்டு, சம்பளப் பட்டியலில் பெயர் ஆகிய மூன்றும் வேறு அலுவலகங்களின் கையில் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். நியமனத் தாள் போனால்தான் பணியாளர் எண், அந்த எண் வந்தால்தான் லாகின், அதன் பிறகே கார்டுக்கு அனுமதி. செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் அந்த அலுவலகங்களில் கூட்டம் நெரியும். எனவே ஆறு வாரத்துக்கு முன்பே தாள்கள் போய்விட வேண்டும்.

லாகின் வந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அதோடு விடாதீர்கள். என்ன அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புத்தகம் கொடுக்கவும் வாங்கவும் அனுமதி இருக்கும், ஆனால் அபராதம் வசூலித்த ரசீதைப் பதிய இருக்காது. அல்லது நேர்மாறாக, அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் அனுமதியும் சேர்ந்தே வந்திருக்கும். இரண்டாவது வகை பிழை பல மாதம் யார் கண்ணிலும் படாது.

லாகின் வரத் தாமதமானால் பழைய பையனின் பாஸ்வேர்டைக் கொடுத்து உட்கார வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு புத்தகம் காணாமல் போனாலோ கணக்கில் பணம் குறைந்தாலோ, யார் செய்தது என்று சொல்லவே முடியாது. பழி பெயருக்குரியவர் மேல் விழும். லாகின் வரும்வரை அடுக்கு வேலை கொடுங்கள்.

கேள்வி (அதே பொறுப்பாளர்): எத்தனை பேர் தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது? எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

பதில்: கவுன்டர் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். எந்நேரமும் இரண்டு பேர் என்றால் 144. ஒருவர் வாரத்துக்கு 10 மணி நேரம் தருவார் என்று வைத்தால் 15 பேர். இதோடு நிறுத்துவதால்தான் பற்றாக்குறை. ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும், காய்ச்சல் வரும், களப் பயணம் வரும். 17 பேர் வையுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, டைம்டேபிளை ஒரே முறை வாங்குவது. முதல் இரண்டு வாரத்தில் மாணவர்கள் பாடத்தை மாற்றுவார்கள், ஆய்வக பேட்ச் மாறும். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிகப் பட்டியல் என்று தலைப்பிலேயே எழுதிப் போடுங்கள். மூன்றாம் வாரம் மறுபடி டைம்டேபிள் வாங்கி நிரந்தரப் பட்டியல் போடலாம். வகுப்பு 11 மணிக்கு முடிந்தால் ஷிப்டை 11 மணிக்கு வைக்காதீர்கள். நடந்து வர 15 நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் தினமும் தாமதம் என்று எழுதுவீர்கள், அவர் மேல் தப்பே இருக்காது.

தேர்வுக் காலம் தனி. நூலகத்தில் கூட்டம் அதிகமாகும் அதே வாரம்தான் உங்கள் ஆட்களுக்கும் தேர்வு. தேர்வு அட்டவணை வந்த அன்றே எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, நான்கு மணி நேர ஷிப்டுகளை இரண்டு மணி நேரமாக உடையுங்கள். மறுநாள் காலை தேர்வு உள்ளவருக்கு முந்தைய மாலை டூட்டி கூடாது என்று விதியாகவே வையுங்கள். அந்த இடைவெளியை நிரந்தர ஊழியர்கள்தான் நிரப்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

கேள்வி (விடுதி அலுவலகம்): முதல் நாள் நான்கு மணி நேரம் ஸ்லைடு போட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நினைவில் இருந்தால்தான் ஆச்சரியம். கை வைத்துச் செய்யாத வேலை ஒட்டாது. முதல் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அரை மணி நேரம் இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, மின்சாரம் போனால் யாரைக் கூப்பிடுவது, இரவில் யாரைக் கூப்பிடுவது. அடுத்த அரை மணி நேரம் லாகின், வருகைப் பதிவு, சம்பளத்துக்கு எந்தத் தேதிக்குள் நேரக் கணக்கு கொடுக்க வேண்டும் என்பது. மீதி நேரத்தில் ஒரே ஒரு உண்மையான வேலையை முதலிலிருந்து கடைசி வரை அவர் கையால் செய்யட்டும். சாவி கேட்டு வருபவருக்குப் பதிவேட்டில் எழுதிச் சாவி கொடுப்பது, அதைத் திரும்ப வாங்குவது. அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு ஷிப்ட் அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அடுத்த இரண்டு ஷிப்ட் புதியவர் செய்ய, பழையவர் பார்ப்பது. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். புதியவர் ஒரு நொடி தயங்கினால் போதும், பழையவர் மவுஸைப் பிடுங்கிக்கொள்வார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். வாயால் சொல்லலாம், தொடக் கூடாது.

ஒரு அட்டையில் 12 வேலைகளை எழுதுங்கள். யாரும் எடுத்துக் கொடுக்காமல் ஒன்றைச் செய்து முடித்தால் மட்டும் அதன் எதிரே பயிற்றுநர் கையெழுத்து. ‘விளக்கியாயிற்று’ என்பதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது. மூன்று வாரத்தில் 12-ம் நிரம்பிவிடும். நிரம்பாதவரைத் தனியாக இரவு டூட்டிக்கு விடாதீர்கள்.

பழையவர் என்பதற்காக யாரையும் பயிற்றுநர் ஆக்கிவிடாதீர்கள். மூன்று வருடம் குறுக்குவழியில் வேலை பார்த்தவர் அந்தக் குறுக்குவழியைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

கேள்வி (நூலகத் துணைப் பணியாளர்): புத்தகங்களைத் தப்பான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். படித்த பிள்ளைகள்தானே, எண் வரிசை தெரியாதா?

பதில்: தெரிவதால்தான் தப்பு வருகிறது. தசம வகைப்பாட்டில், அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறையில், 512.13, 512.2 என்ற இரண்டு எண்களைக் கொடுத்தால், புதியவர் பலர் 512.2-ஐ முதலில் வைப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ‘பதின்மூன்று’, ‘இரண்டு’ என்று முழு எண்ணாக வாசிப்பதே காரணம். புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் இலக்கம் 512.13-இல் 1, 512.2-இல் 2. ஒன்று முன்னால் வரும், அதோடு முடிந்தது. 512.13, 512.2 என்ற வரிசைதான் சரி. எண் சமமானால் மட்டுமே கீழே உள்ள நூலாசிரியர் பெயரின் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

20 பழைய அட்டைகளில் கால் நம்பர்களை (புத்தகத்தின் அலமாரி இடத்தைக் காட்டும் எண்கள்) எழுதிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். அவற்றில் 512, 512.02, 512.1, 512.13, 512.2, 512.24 போன்ற தொந்தரவான எண்கள் கண்டிப்பாக இருக்கட்டும். தப்பில்லாமல் இரண்டு முறை அடுக்கினால் அலமாரிக்கு அனுப்பலாம். முதல் வாரம் அவர் வைக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் வண்ணத் தாள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். சரிபார்ப்பவர் பார்த்துவிட்டுத் தாளை உருவுவார். தப்பு நின்ற பிறகு பத்தில் ஒன்றைப் பார்த்தால் போதும். தப்பான இடத்தில் உள்ள புத்தகம் தொலைந்த புத்தகம்தான். கணினி ‘உள்ளே இருக்கிறது’ என்று காட்டும், அலமாரியில் கிடைக்காது.

கேள்வி (மாணவர் நலப் பிரிவு): மாணவர்களே மாணவர்களின் விவரங்களைப் பார்க்கிறார்கள். உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினால் போதுமா என்று மேடம் கேட்கிறார்கள்.

பதில்: போதாது. அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும், கவுன்டரில் நிற்கும் பெண்ணைக் காப்பாற்றாது. அவளிடம் வந்து கேட்பவர் அந்நியர் இல்லை, அறைத் தோழி. ‘ஏய், அவன் நம்பர் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.’ இந்த நேரத்தில் சட்டம் நினைவுக்கு வராது. சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கில் இருக்க வேண்டும்: ‘இதை நான் பார்த்தாலே பதிவாகும், என் வேலை போயிடும். வேணும்னா அவருக்கு நீ சொன்னதா தகவல் அனுப்பறேன்.’ இதைப் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். முதலில் தோழி, அடுத்து பேராசிரியர் பெயரைச் சொல்லி அழுத்துபவர், அடுத்து அழுதுகொண்டே போன் செய்யும் அம்மா என்று மூன்று பேராக நடித்துக் காட்டுங்கள். அம்மாதான் கஷ்டம். அவருக்கு ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் கல் மனசு என்று தோன்றும். அதனால் சூப்பர்வைசருக்கு மாற்றிவிடும் வழியையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடும். ஐரோப்பாவில் 2018 மே முதல் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. உங்கள் ஊர் விதி எதுவானாலும் இரண்டு பழக்கம் எங்கும் பொருந்தும். வரிசையில் நிற்பவர் கண்ணில் படாதபடி திரையைத் திருப்பி வைப்பது ஒன்று. சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழுவில் திரையைப் படம் எடுத்துப் போடாதிருப்பது இன்னொன்று. நல்ல பிள்ளைகளே இந்த இரண்டாவதில் மாட்டுவார்கள், உதவி கேட்கும் அவசரத்தில்.

கேள்வி (கணினி உதவி மையம்): டிக்கெட்டில் (பழுதைப் பதியும் புகார்ப் படிவம்) ‘நெட் வரலை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். பார்க்கப் போனால் ஒன்றும் புரியவில்லை.

பதில்: ஐந்து விஷயம் இல்லாமல் டிக்கெட்டைச் சேமிக்கவே முடியாதபடி படிவத்தை மாற்றுங்கள். எந்த அறை, எந்த இயந்திரம் (ஒட்டியிருக்கும் சொத்து எண்), எப்போதிலிருந்து, திரையில் வந்த வாசகம் எழுத்துக்கு எழுத்து, இதுவரை என்ன செய்து பார்த்தோம். கடைசியதை யாரும் எழுத மாட்டார்கள். அடுத்தவர் அதே கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

எத்தனை நிமிடம் முயலலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். 15 நிமிடத்தில் முடியவில்லையென்றால் மேலே அனுப்ப வேண்டும். கெட்டிக்கார மாணவர்கள்தான் இதை மீறுவார்கள், ஒரு மணி நேரம் ஒரே கணினியோடு மல்லுக்கட்டுவார்கள், வெளியே ஏழு பேர் காத்திருப்பார்கள்.

போனில் பாஸ்வேர்ட் மாற்றித் தரச் சொன்னால் ஒரே பதில்: அடையாள அட்டையோடு நேரில் வரவும். வர முடியாதவரை நிரந்தர ஊழியரிடம் அனுப்பவும். ‘அவசரம், இன்னும் பத்து நிமிஷத்துல அசைன்மென்ட் போடணும்’ என்று அவசரப்படுத்துவதே ஏமாற்றுபவர்களின் முதல் ஆயுதம் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி (துறை அலுவலகம்): வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் தரலாம்?

பதில்: அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உள்ளவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பொதுவாக அதே 20. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரு வாரத்துக்கு 48 மணி நேரம். விதி அடிக்கடி மாறும், ஒவ்வொரு செமஸ்டரும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிக்கல் எங்கே வருமென்றால், இந்த வரம்பு ஆளுக்கு, வேலைக்கு அல்ல. உங்களிடம் 12, உணவகத்தில் 10 என்றால் 22 ஆகிவிட்டது. இரண்டு சூப்பர்வைசருக்கும் தெரியாது, விசா மட்டும் சிக்கலில். ‘வேறு எங்கே வேலை பார்க்கிறாய்?’ என்று சேரும்போதே கேளுங்கள். நண்பனுக்காக ஷிப்ட் மாற்றிக்கொள்ளும்போதும் அந்த வாரக் கூட்டலைப் பாருங்கள்.

கேள்வி (இளங்கலை மாணவர்): அண்ணா, அடுத்த வாரம் உதவி மையத்தில் சேர்கிறேன். முதல் நாள் நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: நான்கு கேள்வி போதும் தம்பி. வர முடியாவிட்டால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு முன், எப்படிச் சொல்ல வேண்டும்? நானாக முடிவெடுக்கக் கூடாதது என்னென்ன? கவுன்டர் சும்மா இருந்தால் படிக்கலாமா? நேரக் கணக்கைக் கொடுக்கக் கடைசித் தேதி எது? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதே, எல்லோர் மனதிலும் அதுதான் இருக்கும்.

கேள்வி (ஆய்வகப் பொறுப்பாளர்): கடைசி ஆண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள். அடுத்த குழு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது.

பதில்: எல்லோரையும் செமஸ்டர் தொடக்கத்தில் மட்டும் எடுப்பதால் வரும் வினை. பாதிப் பேரைக் கடைசி ஆண்டுக்காரர்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பே எடுங்கள். சம்பளச் செலவு கொஞ்சம் கூடும், பயிற்சிச் செலவு குறையும். போகிறவர்களிடம் ‘குறிப்பு எழுதிக் கொடு’ என்றால் ஒன்றும் வராது. புதியவர் கேட்கட்டும், பழையவர் சொல்லட்டும், புதியவரே எழுதட்டும். எழுதியதை வைத்து இன்னொரு புதியவர் உபகரணத்தை இயக்கிப் பார்த்தால் எங்கே விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

கடைசி ஷிப்ட் அன்று சாவி, கார்டு, சீருடை அங்கி ஆகியவற்றைப் பதிவேட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள். லாகினை அன்றே மூட எழுதுங்கள். பொதுவான கணக்கு ஏதாவது இருந்தால் அதன் பாஸ்வேர்டும் அன்றே மாற வேண்டும். பட்டமளிப்பு வரை விட்டால் ஆள் கிடைக்க மாட்டார், சாவியும் கிடைக்காது, பூட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.