சொரியாசிஸும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும்

அன்புள்ள டாக்டர் ஐயா,

உசிலம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு நெடுநாளாகச் சொரியாசிஸ் என்னும், தோலில் செதில் செதிலாகத் திட்டுகள் படரும் நோய். மதுரை பெரியாஸ்பத்திரியில் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் இந்த நோய்க்கு மூலகாரணம், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையே போதும், மற்றதை நிறுத்திவிடலாம்” என்று சொல்லி உறவினர் ஒருவர் ஒரு டப்பாவை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நம்பலாமா?

ம., உசிலம்பட்டி

அன்புள்ள ம.,

உறவினர் சொன்னதில் பாதி உண்மை. சொரியாசிஸ் திட்டுகளுக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டிருக்கும். கிருமிகளைக் கொல்வதற்காக அவை உண்டாக்கும் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள், கொல்வதற்குக் கிருமியே இல்லாத அந்த இடத்தில் தோலின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பதோடு (இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்; இதைத் தணிப்பவை ஆன்டிஆக்சிடன்ட்), அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தையும் தூண்டிவிடுகின்றன. அதனால் டிஎன்எஃப் முதலிய அழற்சிப் புரதங்கள் பெருகி, மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. இந்த நெருக்கடியில், வழக்கமாக ஏறத்தாழ 28 நாளில் முதிர்ந்து உதிர வேண்டிய மேல்தோல் செல் 3 முதல் 5 நாளிலேயே மேலே வந்துவிடுகிறது; அப்பா எழுந்த பிறகு நாற்காலியில் கிடக்கும் வெள்ளைச் செதில் அதுதான்.

ஆனால் மூலகாரணம் என்பது மிகை. 1916 முதல் இந்நோய்க்குப் பூசப்பட்டுவரும் டித்ரனால் களிம்பு, தோலில் இதே வகை ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் அப்படியே. இரண்டிலும் திட்டுகள் ஆறுகின்றன. ஆக்சிஜனேற்றம் ஒன்றுதான் எதிரி என்றால் இது நடக்க வழியில்லை. ஐரோப்பாவில் 2017இல் சொரியாசிஸுக்கு ஒப்புதல் பெற்ற டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்து, என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தை எழுப்பி, செல் தனக்கென வைத்திருக்கும் காப்பு நொதிகளைப் பெருக்குகிறது. நோயெதிர்ப்பு செல்களையும் அடக்குகிறது. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை அதற்கு நிகராகச் சொல்வது வியாபாரம்.

அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அதை விடச் சொல்லுங்கள். புகையும் மதுவும் இந்நோயை முற்றவைப்பவை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் தள்ளிவைக்கச் சொல்லும் நம் பக்கத்துப் பெரியவர்கள் பீடியைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை.

மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், கல்லீரலுக்கு மேலும் சுமையாகும் மூலிகைச் சாறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்க்க அந்த டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள்; இரத்தப் பரிசோதனையையும் தவறவிட வேண்டாம். இன்னொன்று: சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் உண்ணும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.