மூன்று வழக்கையும் ஒரே கட்டாகக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: சேர், நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலையில் 14 வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன், கடைசிச் சம்பளம் 45,000 ரூபாய். 38 மூட்டை அரிசியைக் களவாக லொறியில் ஏற்றிவிட்டேன் என்று வேலையை நிறுத்தினார்கள். பொலிஸ் போட்ட வழக்கில் நீதவான் என்னை விடுதலை செய்தார். தொழில் நியாயசபையும் 9 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. முதலாளி மேல் நீதிமன்றம் போனார், அங்கே அந்தக் கட்டளை ரத்தாகிவிட்டது. தீர்ப்பு வந்து 19 நாள். எங்கள் அப்பப்பாவின் வயற்காணி வழக்கும் சித்தப்பா பக்கம் தீர்ந்து, மேன்முறையீட்டிலும் போன வருடம் தோற்றுவிட்டோம். மூன்றையும் சேர்த்துக் கொழும்பில் உள்ள பெரிய கோட்டில் (நீதிமன்றத்தில்) போடலாமா? ஒரு கோடு விட்டவனை இன்னொரு கோடு எப்படிக் கள்ளன் என்கிறது? அங்கே என் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடுவார்களா?

பதில்: சாட்சிகளைக் கூப்பிட மாட்டார்கள். உங்களையும் கூப்பிட மாட்டார்கள். இரவு ரயிலேறி, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனாலும் பின் வாங்கில் இருந்து பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். மூன்று வழக்கையும் சேர்க்கவும் முடியாது. ஒன்றுக்கு மேன்முறையீடே தேவையில்லை, ஒன்றுக்கு நாள் கடந்துவிட்டது. மிஞ்சுவது வேலை வழக்கு. அதற்கும் மேல் நீதிமன்றத் தீர்ப்புத் திகதியிலிருந்து ஆறு வாரம், 42 நாள்தான். பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். இதை நீங்கள் வாசிக்கும்போது அதில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட்டுப் போகிறேன். இந்தியச் செய்தி பார்த்துப் பழகியவர்கள் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் ஹைகோட் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் ஹைகோட் என்பது மேல் நீதிமன்றம். உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கடைசிக் கோடு. 1971 வரை அதற்கும் மேலே இலண்டனில் பிரிவிக் கவுன்சில் இருந்தது, இப்போது இல்லை.

அந்தக் கடைசிக் கோட்டுக்கு நேராகப் படியேற முடியாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். ‘தீர்ப்புப் பிழை, எனக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. கனதியான ஒரு சட்டக் கேள்வி இதில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் மூன்று நீதியரசர்கள் இருப்பார்கள். அனுமதிக்கான விவாதம் சில நிமிடங்களில் முடிவதும் உண்டு. அனுமதி கிடைத்தால் எழுத்துமூலச் சமர்ப்பணம், பிறகு வாய்மூல விவாதம், அப்புறம் தீர்ப்பு. வருடக்கணக்கில் போகும். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். நீதவான் விட்டவரைக் கள்ளன் என்று சொல்லலாமா? சட்டப்படி சொல்லலாம். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். தொழில் நியாயசபையிலோ எது நடந்திருக்கக் கூடுதல் சாத்தியம் என்றுதான் பார்ப்பார்கள். வேலையாள் செய்ததாகச் சொல்லப்படுவது ஒரு குற்றமாகவே இருந்தாலும் இந்தக் குறைந்த அளவுகோல் போதும் என்று, ஒரு பற்றரி உற்பத்தி நிறுவனத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 1975 இலேயே முடிவாகிவிட்டது. ஆகவே ‘நீதவான் என்னை விட்டார்’ என்பதை மனுவின் தலையில் வைக்காதீர்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். விடுதலைத் தீர்ப்புக்கு எதிராக நீங்கள் போக வேண்டிய இடமும் இல்லை. வென்றவர் ஏன் மேன்முறையீடு செய்ய வேண்டும்?

உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பிரதிகளில் ஆலைக் காவலாளியின் குறுக்கு விசாரணையை இரண்டு தடவை வாசித்தேன். ‘மூட்டை ஏத்தினத்த நான் காணல்ல, விடியத்தான் சொன்னாங்க’ என்கிறார். மேல் நீதிமன்றத் தீர்ப்பிலோ ‘மூட்டைகள் ஏற்றப்பட்டதைக் காவலாளி கண்டுள்ளார்’ என்று இருக்கிறது. கேட் புத்தகத்தில் அந்த இரவு லொறி எதுவும் பதியப்படவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல் கிடையாது.

தொழில் நியாயசபையின் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு சட்டக் கேள்வியில் மட்டும்தான் போக முடியும். சாட்சியை நேரில் பார்த்து, முகத்தைப் பார்த்து, நியாயசபைத் தலைவர் எடுத்த முடிவை மேல் நீதிமன்றம் இலேசில் மாற்றக் கூடாது. அப்படியானால் சாட்சியமே இல்லாத ஒன்றை நடந்ததாகத் தீர்மானித்தால்? அது என்ன நடந்தது என்பதில் வந்த வெறும் பொருண்மைப் பிழையாக நின்றுவிடாது, சட்டப் பிழை. 1977 இல் ஒரு தோட்டக் கம்பனிக்கும் ஹில்மன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலாளிமார் பலர் நியாயசபைக் கட்டளைக்கு எதிராக இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த முறை அதை நீங்கள் தூக்குங்கள். என் அபிப்பிராயம், இதற்கு அனுமதி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேள்வியை மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம். பத்துக் கேள்வி அடுக்கினால் நல்ல கேள்வி உள்ளே புதைந்துபோகும்.

இனிக் கைவேலை. நியாயசபைக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. கொழும்பில் மனுவும் இணைப்புகளும் நடைமுறையில் ஆங்கிலத்தில் போகின்றன. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது அந்தக் காவலாளியின் வரியைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ‘காணல்ல’ என்பதை நம் ஊர்ப் பேச்சுத் தெரியாத ஒருவர் ‘ஞாபகமில்லை’ என்று மொழிபெயர்த்தால் வழக்கே கவிழ்ந்துவிடும். அடுத்தது, எதிர்மனுதாரருக்கு அனுப்பும் அறிவித்தல். ஆலை ஒரு கம்பனியாக இருந்தால் அதன் பதிவு முகவரியைத் தேடி எடுங்கள், கேட்டில் உள்ள போர்டைப் பார்த்து எழுதாதீர்கள். அறிவித்தல் விடயத்தில் உயர் நீதிமன்ற விதிகள் இறுக்கமானவை. நல்ல வழக்குகள் இந்தச் சின்னக் காரணத்தால் தள்ளுபடியாகியிருக்கின்றன. இன்னொன்று: முதலாளி மேன்முறையீடு செய்யும்போது உங்கள் நட்டஈட்டுத் தொகையைக் காசாகப் பிணை கட்டியிருக்க வேண்டும். இப்போது அதைத் திருப்பி எடுக்கப் பார்ப்பார். எடுக்க விடாமல் இடைக்கால உத்தரவும் அதே மனுவில் கேளுங்கள்.

காணி வழக்கைப் பற்றிச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. உண்மையில் அதில்தான் நல்ல சட்டக் கேள்வி இருந்தது. பிரிக்காத முதுசக் காணியில் ஒரு பங்காளி வேளாண்மை செய்தால் அது எல்லாப் பங்காளிகளுக்காகவும் செய்ததாகவே கணக்கு. பத்து வருடம் வெட்டி விதைத்தேன், ஆகவே காணி எனக்கே என்பது மட்டும் போதாது. மற்றவர்களின் உரிமையை மறுத்து அவர்களை வெளியே தள்ளியதையும் காட்ட வேண்டும். 1911 இல் பிரிவிக் கவுன்சில் சொன்னது, இன்றும் நம் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றுகின்றன. உங்கள் சித்தப்பா அப்படி எதுவும் காட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கும் அதே 42 நாள்தான், அது போன வருடமே முடிந்துவிட்டது. வேலை வழக்கோடு ஒட்டிக்கொண்டு அது உள்ளே வராது. உங்கள் முன்னைய சட்டத்தரணி நாட்கணக்கைச் சொன்னாரா என்று நான் கேட்கப் போவதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பணிக்கொடை எடுத்தீர்களா? 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 45,000 என்கிறீர்கள், 14 வருடத்துக்கு 3,15,000 ரூபாய். களவு என்று நிறுத்தினாலும் நட்டம் ஏற்பட்ட அளவுக்குத்தான் பிடிக்கலாம், முழுவதையும் விழுங்க முடியாது. 38 மூட்டையின் விலையைக் கழித்தாலும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகும்போது கடைசி மாதச் சம்பளச் சீட்டையும் வேலை நிறுத்திய கடிதத்தையும் கொண்டுபோங்கள்.