மகனை விபத்தில் இழந்த அக்கா தினமும் இரவு 2 மணிக்கு விழித்துவிடுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்காவின் மகன் கன்டெய்னர் லாரி மோதி இறந்து நான்கு மாதம் ஆகிறது. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறார். மெடிக்கலில் அல்ப்ரசோலம் என்ற மாத்திரையைத் தூக்கத்துக்காக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், கெட்ட கனவும் போகாது.

அந்த விழிப்பில் அச்சமும் ஏக்கமும் கலந்திருக்கின்றன. ரெம் எனப்படும் கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது, உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலினைச் சுரக்கும் மூளைத்தண்டுப் பகுதி அடங்கிவிட வேண்டும். கோர இழப்புக்குப் பிறகு அது சரியாக அடங்குவதில்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கனவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது; மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா உஷாராகவே இருப்பதால், எண்ணூர் நெடுஞ்சாலை லாரியின் ஏர் ஹாரன் ஒன்றே எழுப்பப் போதும்.

ஏக்கம் வேறு சங்கதி. 2008இல் துக்கத்தை ஆராயும் மேரி ஃபிரான்சஸ் ஓ'கானர் குழுவினர், தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோயில் பறிகொடுத்த பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். இறந்தவரின் படத்தைக் காட்டியபோது, துக்கம் ஆறாமல் நீடித்தவர்களிடம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. விரும்பியது கிடைக்கும் என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் இடம் அது. மகன் வந்துவிடுவான் என்ற எதிர்பார்ப்பு இன்னும் அடங்கவில்லை போலும்; பைக் சத்தத்துக்கு அக்கா எழுவதைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் வாயை மூடச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: முதலில் ஒரு வாரம், படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் மூன்றையும் காகிதத்தில் குறியுங்கள். 9 மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்றால், இரவு 11.30க்குப் பாய் விரித்து காலை 5க்குச் சுருட்டிவிட வேண்டும். ஞாயிறு, விசேஷம் எதற்கும் விலக்கில்லை. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால், அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். படுக்கும் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். முதல் வாரம் பகலில் கண் சொக்கும். அடுப்பருகே ஒருவர் துணையிருக்கட்டும்.

2 மணிக்கு விழித்தால் சுமார் 20 நிமிடம் பொறுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் பூண்டு உரிப்பதுபோல எதையாவது செய்யட்டும். ஒற்றை அறை வீடென்றால் பாயைச் சுருட்டிவிட்டு வேறு மூலையில் உட்காரலாம். அந்தப் பாயில் விழித்துக் கிடப்பதுதான் மூளைக்குத் தப்பான பாடம்.

துக்க வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டு, கூடவே குடிப்பதும் சேர்ந்துகொள்ளும். பிற்பகல் 2 மணிக்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த விபத்து சிசிடிவி வீடியோவை இன்றே அழியுங்கள். மகன் படங்களைப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பகலில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதன் முடிவை மாற்றி எழுதி, பகலில் 10, 20 நிமிடம் மனதில் ஓட்டிப்பார்க்கும் பயிற்சி உண்டு. அதை மனநல ஆலோசகர் துணையோடு செய்வதே நல்லது.

நான்கு மாதத்தில் இதை நோய் என்று முத்திரை குத்த முடியாது. நீடித்த துக்கத்துக்கு உலக சுகாதார நிறுவன வகைப்பாடு 6 மாதம், அமெரிக்க வகைப்பாடு 12 மாதம் என்கிறது. அதற்காக 6 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. "அவன் போன இடத்துக்கே நானும் போறேன்" என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்தத் தூக்கக் காகிதத்தையும் எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்கப்போவதில் பாதி அதிலேயே இருக்கும்.