மகனைப் பார்த்தால் பயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு 13 வயது. ஆறு வயதிலிருந்தே கோபம், அடிதடி, பள்ளியிலிருந்து ஓயாத புகார். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு) என்றார் மருத்துவர். எப்படியோ சமாளித்து வந்தோம். இந்த ஒரு வருடத்தில் குரல் உடைந்து, என்னைவிட உயரமாகிவிட்டான். போன வாரம் செல்போனை வாங்கி வைத்ததற்கு என்னைச் சுவரோடு தள்ளினான். அவன் காலடிச் சத்தம் கேட்டாலே சின்ன மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறாள். அவன் அப்பா பெல்ட்டை எடுக்கிறார். உறவினர்களோ ‘வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்’ என்கிறார்கள். சரியாகுமா? பெற்ற பிள்ளையைப் பார்த்தே பயமாக இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழி,

அந்தக் கடைசி வரிகளை எழுதுவதற்குள் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு 14 வயது இருந்தபோது, இரவில் அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு படுத்தவள் நான். காலையில் அவன் எழுந்திருக்கும் முன்பே சத்தமில்லாமல் தாழை நீக்கிவிடுவேன். அம்மா தன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான்.

வயசுக் கோளாறு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பருவ வயதில் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் வேகமாக விழித்துக்கொள்கின்றன. ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல வேண்டிய மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இரவில் தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது, ஆனால் பள்ளிக்குப் போகும் நேரம் மாறுவதில்லை. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படும் உடம்பு ஆறு மணி நேரத்தில் எழுந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஆனால் ஆறு வயதிலேயே தொடங்கிய சிக்கலை வயசின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் மறுபடி கூட்டிப்போங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவே வரலாம். மருந்து சாப்பிடுகிறான் என்றால் அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள் நடப்பது. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படிப்பட்ட குடும்பங்களை வருடக்கணக்கில் கவனித்தவர். நாம் ஒன்று சொல்கிறோம், பிள்ளை கத்துகிறான், நாமும் கத்துகிறோம், அவன் எதையாவது உடைக்கிறான், நாம் விட்டுவிடுகிறோம். வீடு அமைதியாகிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான், விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று நாம் கற்றுக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அங்கே போய் நிற்கிறோம். எங்கள் வீட்டில் நாலு வருடம் இதுதான் நடந்தது. நான் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வழி காட்டியது ஹைம் ஓமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளரின் முறை. காந்தியின் அகிம்சைப் போராட்டத்தைப் பெற்றோருக்காக எடுத்தாண்டவர். சூட்டோடு சூடாக எதையும் செய்யாதே, இரும்பு ஆறிய பிறகு தட்டு என்பார். அவன் கொதித்துக்கொண்டிருக்கும்போது புத்தி சொல்ல வேண்டாம். ‘இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அப்புறம் பேசுவோம்’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு விலகுங்கள். மறுநாள் அவன் அடங்கியிருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். செல்போன் அன்று திரும்பக் கிடைக்கக் கூடாது, அதற்காகச் சண்டையும் போடக் கூடாது. ஆரம்பத்தில் இன்னும் அதிகமாகக் கத்துவான். பழைய வழி இன்னும் பலிக்குமா என்று திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கிறான். அந்த நாட்களில்தான் நான் இரண்டு முறை தோற்றுப்போய்ப் போனைக் கொடுத்தேன்.

பெல்ட் வேண்டவே வேண்டாம். அடி இந்தப் பிள்ளைகளை இன்னும் முரடாக்கும். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடம் அவனுக்குப் பெல்ட்டிலிருந்தே கிடைக்கிறது, பலமோ நாளுக்கு நாள் அவன் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

உங்களைத் தள்ளியதை மூடி மறைக்காதீர்கள். அவன் மதிக்கும் மாமாவோ ஆசிரியரோ யாராவது இரண்டு பேருக்குத் தெரியட்டும். ‘நடந்தது தெரியும், உன் மேல் பாசம் இருக்கிறது, இது நிற்க வேண்டும்’ என்று அவர்கள் அவனிடம் சொல்லட்டும். கத்தி, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு என் மகன் கதவோரம் வந்து நின்றான். “தூக்கம் வரலம்மா.” அன்று காலையில்தான் நாற்காலியை உடைத்திருந்தான். நாற்காலியைப் பற்றிப் பேச வாய் வந்தது, அடக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவனாகவே, “எனக்கே ஏன்னு தெரியலம்மா” என்றான்.

இந்த வாரம் முதலில் உங்கள் மகளோடு உட்காருங்கள். சத்தம் வந்தால் எந்த அறைக்குப் போக வேண்டும், யாரைப் போனில் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா