மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடுத்தும் கண்டு தேறலையா?

தம்பலகாமத்தில மாடு வளர்க்கிற ஒருத்தர் கேட்டிருக்கார்: பட்டியில மாடும் எருமையும் கலந்து நிக்குது, மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் பூச்சி மருந்து பருக்கிறாராம், அப்பிடியிருந்தும் கண்டுகள் மெலிஞ்சு மயிர் சிலுப்பிக்கொண்டு நிக்குது, போன மாரியில எருமைக்கண்டு ரெண்டு செத்தும் போச்சு, வெளிநாட்டில குதிரைக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிறாங்களாமே நானும் அப்பிடிக் குடுக்கட்டா எண்டு.

வேண்டாம் அண்ணன். 1966ல அமெரிக்காவில கென்டக்கியில ட்ரட்ஜ், லயன்ஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆறெட்டுக் கிழமைக்கு ஒருக்கா குடுக்கச் சொன்னது உண்மைதான், ஆனா அது குதிரையின்ட குடலுக்குப் போற ரத்தக்குழாயைக் கெடுக்கிற பெரிய புழு ஒண்டுக்காகச் சொன்னது, அந்தப் புழுவும் நல்லாக் குறைஞ்சுது. பிறகு எல்லாரும் அதையே பிடிச்சுக்கொண்டு வருசக்கணக்காக் குடுக்க, குடல்ல இருக்கிற சின்னப் புழுக்கள் மருந்துக்குச் சாகாமப் பழகிட்டு. இப்ப அங்க லத்தியில முட்டை எண்ணிப் பார்த்துத்தான் குடுக்கச் சொல்றாங்க, ஏனெண்டா வளர்ந்த குதிரைகள்ல கிட்டத்தட்ட 20 வீதம்தான் 80 வீத முட்டையைப் போடுது. மற்றதுகளை அடிக்கடி மருந்தில முக்கத் தேவையில்ல, மருந்து படாத புழு கொஞ்சம் மிஞ்சினாத்தான் மருந்துக்குச் சாகிற இனமும் அழியாம இருக்கும், இல்லாட்டி மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் பெருகும். நெடுந்தீவுக் குதிரையைத் தவிர நமக்கு என்ன குதிரை எண்டு கேப்பீங்க, ஆட்டிலயும் மாட்டிலயும் இதே கதைதான்.

இனி உங்கட எருமைக்கண்டு. நீங்க சொன்னதில எனக்குப் பெரிய சந்தேகம் இங்கதான். எருமைக்கண்டைக் கொல்ற உருண்டைப் புழு புல்லில இருந்து வாறதில்ல, தாய்ப்பாலிலதான் வருது, அதுவும் கண்டு போட்டு முதல் ஒரு கிழமை அளவுக்குள்ள. மூணு கிழமை வயசில அது முட்டை போடத் தொடங்கிடும், நாலஞ்சு மாசத்தில மிச்சப் புழு தானாவே வெளியேறிடும். நீங்க மூணாம் மாசத்தில மருந்தோட வரேக்க சாகிறது செத்திருக்கும். இலங்கை எருமைகளிலயே செய்து 1989, 1990ல வெளிவந்த ஆய்வுகள் சொல்றது, கண்டுக்கு 10 முதல் 16 நாள் வயசுக்குள்ள பைரன்டெல் எண்ட பூச்சி மருந்தை ஒரேயொருதரம் குடுத்தாக் காணும். கண்டு போட்ட திகதியைப் பட்டிப் படலையில கரிக்கட்டியால எழுதி வைங்க, இது ஒண்டு செய்தாலே பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

பெரிய மாட்டுக்கு அளவு. கண்மட்டத்தில ஊத்துறதுதான் இங்க பழக்கம், குறைச்சுக் குடுத்தா புழுவுக்குத் தடுப்பூசி போட்ட மாதிரி ஆகிடும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுத்தளவையும், தோள் முனையில இருந்து பின் இடுப்பு எலும்பு வரைக்கும் நீளத்தையும் சென்ரிமீற்றரில எடுங்க, சுத்தளவை அதே சுத்தளவால பெருக்கி, வாறதை நீளத்தால பெருக்கி, 10,840ஆல பிரிச்சா கிலோ வரும். சுத்தளவு 140, நீளம் 120 எண்டா ஏறக்குறைய 217 கிலோ. அல்பெண்டசோல் எண்ட பூச்சி மருந்து கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் எண்டு பார்த்தா, 2.5 வீத போத்தல்ல 65 மில்லிலீற்றர், 10 வீத போத்தல்ல வெறும் 16 தான், அதால லேபிளைப் பாக்காம ஊத்தாதீங்க. சினைப்பட்டு முதல் 45 நாளுக்குள்ள இந்த மருந்து வேண்டாம், வயித்தில இருக்கிற கருவுக்குக் கூடாது. ஐவர்மெக்டின் எண்ட மருந்தும் பால் கறக்கிற மாட்டுக்கு வேண்டாம்.

தாடைக்குக் கீழ நீர் கோத்த வீக்கம் இருந்தா அது ரத்தம் குடிக்கிற குடற்புழுவாயும் இருக்கலாம், ஈரல்ல இருக்கிற தட்டைப்புழுவாயும் இருக்கலாம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மேட்டுப்புல்லில இருக்கிற குஞ்சுப் புழு காய்ஞ்சு சாகும், ஆனா அந்த நேரம் பாத்துத்தான் மாடெல்லாம் குளத்தடிப் பச்சைக்குப் போகும், தட்டைப்புழுவின்ட குஞ்சு வளர்ற நத்தை இருக்கிறதும் அங்கதான், தட்டைப்புழுவும் அந்தப் புல்லில ஒட்டிக்கொண்டு வருது. ஐவர்மெக்டின் அதைத் தொடாது, அல்பெண்டசோல் வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும், அதுக்கும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேணும், குஞ்சுப் புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல்தான்.

உங்கட மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்க, குடுக்க முதல் பத்து மாட்டின்ட சாணி, குடுத்து 10 முதல் 14 நாளில அதே மாடுகளின்ட சாணி, ரெண்டையும் மிருக வைத்தியர் ஊடா எண்ணிப் பாருங்க, நூறு முட்டை இருந்த இடத்தில அஞ்சுக்கு மேல மிஞ்சினா மருந்து தோக்குது எண்டு அர்த்தம். அப்ப பெயரை மாத்தினாக் காணாது, அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம், குடும்பத்தையே மாத்த வேணும். சாணியை நிலத்தில இருந்து அள்ளாம கையுறை போட்டு மாட்டில இருந்தே எடுத்து, பொலித்தீன் பையில காத்து இல்லாமக் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில கொண்டு போங்க, வெயில்ல கிடந்தா முட்டை பொரிச்சு எண்ணிக்கை பிழைச்சிடும்.