விலை கூடிய பெயின்ட்: எந்தச் சுவருக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

கேள்வி: தாம்பரத்தில் 900 சதுர அடி ஃபிளாட், முதல் தளம். பெயின்ட் அடித்து ஏழு வருடம் ஆகிறது. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருப்பதால் சுவர் முழுக்க கிரேயான் கிறுக்கல், எண்ணெய்க் கை. உள்பக்கம் மட்டும் அடிக்க, சாதாரண எமல்ஷன் என்றால் 58,000, லக்சுரி எமல்ஷன் என்றால் 84,000 என்கிறார் பெயின்டர். "லக்சுரி போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்" என்பது அவர் வாதம். "எல்லாம் ஒரே பெயின்ட்தான், டப்பாதான் வேற" என்கிறார் என் மாமனார். பொங்கலுக்குள் முடிக்க ஆசை. எதைப் போடலாம்?

பதில்: முதலில் அந்த 26,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

900 சதுர அடி வீட்டில் உள்சுவரும் சீலிங்கும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 சதுர அடி வரும். பட்டி (மேடுபள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் மாவுப் பூச்சு) பார்த்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டிங்குக்குச் சுமார் 110 சதுர அடி பிடிக்கும். அப்படியானால் வீட்டுக்கு 28 லிட்டர் போதும். சாதாரண எமல்ஷனுக்கும் லக்சுரிக்கும் லிட்டருக்கு 350 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால்கூட 9,800 ரூபாய்தான் ஆகிறது. மீதி 16,200 எதற்கு?

பெரும்பாலும் அது பட்டியில் இருக்கும். லக்சுரி ரேட்டில் சுவர் முழுவதும் இரண்டு கை பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் எல்லாம் சேர்த்திருப்பார். சாதாரண ரேட்டில் ஓட்டை, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் பட்டி வைத்து, பழைய பெயின்ட் மேலேயே அடித்துவிட்டுப் போவதாகக் கணக்குப் போட்டிருப்பார். அடிப்பது வேறு வேறு வேலை என்றால் இரண்டு ரேட்டையும் ஒப்பிடவே முடியாது. சுரண்டல், பட்டி, பிரைமர், பெயின்ட், கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, எந்த ரகம், எத்தனை கோட்டிங் என்பதும் அதில் இருக்கட்டும். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

உங்கள் மாமனார் சொல்வது, டப்பாவைத் திறந்த நாளில் மட்டும் உண்மை. அடித்து முடித்த மறுநாள் எல்லா எமல்ஷனும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எமல்ஷன் என்பது தண்ணீர், நிறமி, அவற்றைச் சுவரோடு பிடித்துவைக்கும் அக்ரிலிக் பிசின், மலிவான நிரப்புப் பொடிகள், இவற்றின் கலவை. வெள்ளை நிறத்தையும் அடிச்சுவரை மறைக்கும் சக்தியையும் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதுவும் பிசினும்தான் விலையை ஏற்றுபவை. மலிவான ரகத்தில் இவை இரண்டையும் குறைத்து, கால்சியம் கார்பனேட், சைனா கிளே, டால்க் போன்றவற்றைக் கூட்டியிருப்பார்கள். பிசின் குறைந்தால் பொடிகளுக்கு நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் நின்றுவிடும். காய்ந்த சுவரில் அந்த இடைவெளிகளே ஒளியைச் சிதறடித்துக் கூடுதல் வெண்மையைக் காட்டும் என்பது வேடிக்கை. ஆனால் எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்குவதும் அதே வழியாகத்தான். ஈரத்துணியால் நாலு முறை துடைத்தால் அழுக்கு போகாது, பெயின்ட் துணியோடு வந்துவிடும்.

இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தத் துடைக்கிற விஷயம்தான் முக்கியம். கம்பெனிகள் உள்சுவர் எமல்ஷனை எகானமி, பிரீமியம், லக்சுரி என்று மூன்று படியாக விற்கின்றன. ஏஷியன் பெயின்ட்ஸில் டிராக்டர், ஆப்கோலைட், ராயல் என்று ஏறுவது இந்த வரிசைதான். மற்ற கம்பெனிகளிலும் பெயர் மாறுமே தவிர படிகள் இருக்கும். முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறும்போது கொடுக்கிற காசுக்குப் பலன் தெரியும். சுவரைத் துடைக்க முடியும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஏறும்போது கிடைப்பது பட்டுப்போன்ற மினுமினுப்பும், கூடுதல் வழவழப்பும், இன்னும் கொஞ்சம் கறை தாங்கும் தன்மையும். பிடித்திருந்தால் போடலாம். போடாவிட்டால் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

சில வீடுகளில் லக்சுரி போட்டதால்தான் சுவர் அசிங்கமாகத் தெரியும். மினுமினுப்பு உள்ள பெயின்ட் பூச்சின் மேடுபள்ளம், கரணை போன தடம், பட்டி தேய்க்காத இடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், புரியும். மினுமினுப்பே இல்லாத மேட் ரகம் இதையெல்லாம் ஓரளவு மறைத்துவிடும். ஆகவே பட்டிக்குச் செலவு செய்ய மனமில்லாமல் லக்சுரி டப்பாவுக்கு மட்டும் செலவு செய்வது, கசங்கிய வேட்டிக்குச் சரிகைக்கரை வைத்துத் தைப்பது மாதிரி.

உங்கள் வீட்டுக்கு நான் இப்படிப் பிரிப்பேன். சீலிங்கை யாரும் தொடப்போவதில்லை; சாதாரண மேட் வெள்ளை 8 லிட்டர் போதும். ஹால், பிள்ளைகள் அறை, சமையலறை, நடைவழி, படுக்கையறை என எல்லாச் சுவருக்கும் நடுத்தர பிரீமியம் ரகம் 20 லிட்டர் வாளி ஒன்று. சில்லறையாக வாங்குவதைவிட வாளி லிட்டருக்குக் கொஞ்சம் மலிவு. ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரே ஒரு சுவரை அழுத்தமான கலரில், லக்சுரியில் அடிக்க ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சிவப்பு, மஞ்சள் போன்ற அடர்நிறங்களின் பேஸில் (கலர் கலப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்டில்) டைட்டானியம் குறைவாக இருப்பதால் இரண்டு கோட்டிங்கில் மறைக்காது, மூன்றாவது தேவைப்படலாம். அதற்கும் சேர்த்து ரேட் பேசிக்கொள்ளுங்கள்.

கிரேயான் மெழுகு பெரும்பாலும் லேசான சோப்புத் தண்ணீரில் போய்விடும். பால்பாயின்ட் பேனா மைக்கு எந்த விலைப் பெயின்ட்டும் உத்தரவாதமில்லை. எதுவானாலும் அடித்த முதல் மாதம் துடைக்காதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்படலம் முழுதாக இறுக சில வாரம் ஆகும். மலிவான பெயின்ட்டில் ஈயம் இருக்குமோ என்ற பயமும் பெற்றோருக்கு இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எந்த விலை ரகத்துக்கும் அது பொருந்தும். பெயர் தெரியாத டப்பாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பொங்கல் விஷயத்துக்கு வருவோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் வந்தது. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை மூச்சு விடுவதுபோல வெளியேற விடும்; உதிர்ந்தாலும் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடித்துவிடலாம். எமல்ஷன் அப்படியில்லை. விலை ஏற ஏறப் படலம் நெருக்கமாகும், ஈரம் தப்பிக்க வழி குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஊறிய வெளிச்சுவரின் உள்பக்கத்தில் ஜனவரி முதல் வாரமே லக்சுரி எமல்ஷன் அடித்தால், சித்திரை வருவதற்குள் கொப்புளம் விட்டு உப்புப் பூத்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. பத்து வருடக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

சந்தேகமான சுவரில், குறிப்பாக பாத்ரூமுக்கு அடுத்த பக்கத்திலும் வெளிச்சுவர்களிலும், இரண்டு அடிச் சதுரத்தில் பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளி விரிசலையோ குழாய் கசிவையோ அடைத்து, சுவர் காய்ந்த பிறகுதான் பெயின்ட். உள்பக்கம் மட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓதம் பக்கத்தில் இன்னொரு இடத்தில் வெளிவரும். ஃபிளாட்டில் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் பொதுவாகக் காய்ந்தே இருக்கும். அவற்றையும் சீலிங்கையும் பொங்கலுக்கு முன் முடித்துவிட்டு, ஈரம் காட்டும் வெளிச்சுவர்களை மட்டும் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பெயின்டர் இரண்டு முறை வர முகம் சுளிப்பார், கூலியில் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார். கொடுங்கள்.

இன்னொரு விஷயம். பெயின்டர் குறிப்பிட்ட ரகத்தையே வற்புறுத்தினால் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வாளிக்குள் பெயின்டருக்கென்று, அவர் காசாக்கிக்கொள்ளும் டோக்கன் வைத்து விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அதில் தப்பொன்றும் இல்லை, அவருக்கும் பிழைப்பு. ஆனால் வாளியை நீங்களே கடையில் வாங்கி, டோக்கனை அவரிடமே கொடுத்துவிட்டால், ரகத்தை முடிவு செய்வது நீங்களாக இருப்பீர்கள். வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கலக்கும் அளவு டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதற்கு மேல் கலந்தால் எந்த ரகம் வாங்கினாலும் எகானமி பெயின்ட்தான் சுவரில் இருக்கும்.

வேலை முடிந்ததும் ஒரு லிட்டர் மிச்சம் வைத்து, ஷேட் நம்பரை மூடியில் எழுதி வையுங்கள். மேட் சுவரில் சின்ன டச்சப் தெரியாது. மினுமினுப்பு உள்ள சுவரென்றால் அந்த இடத்தில் மட்டும் தொட்டால் திட்டாகத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை சுவர் முழுவதும் ஒரு கோட்டிங் போட வேண்டும்.